முன்கண்ணாடியா, பின்கண்ணாடியா

சூரியனைப் படம் பிடிக்க வேண்டும் என்ற கிறுக்கு முதலில் முத்துக்கருப்பனுக்குத்தான் பிடித்தது. காரைக்குடியில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். சொந்த ஊர் மானகிரி. அண்ணன்மார் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இவன் மட்டும் மதுரைக்குப் போய்த் தொழில் கற்று வந்தவன். ஸ்டூடியோவுக்குக் கீழே, படிக்கட்டை ஒட்டினாற்போல், சத்தியமூர்த்தியின் மூக்குக்கண்ணாடிக் கடை. சத்தியமூர்த்தியின் வீட்டில் எல்லாரும் பொன்வேலை செய்கிறவர்கள். அவனுக்குக் கரிப்புகை ஒத்துக்கொள்ளாமல் கண்ணாடிப் பக்கம் ஒதுங்கிவிட்டான். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள்.

நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போன முத்துக்கருப்பன், திரும்பி வரும்போது தோளில் ஒரு நீளப் பெட்டியோடு வந்தான். உள்ளே பித்தளைத் தொலைநோக்கி.

"அந்த வீட்டு அப்பச்சி ரங்கூன்லேருந்து கொண்டாந்ததாம். இங்கன கிடந்து பல்லி முட்டையிடுது, நீ வேணும்னா தூக்கிட்டுப் போன்னு ஆச்சி குடுத்துருச்சு" என்றான்.

பெட்டியின் மூலையில் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருந்தது. அதில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடி. கண் வைத்துப் பார்க்கிற பக்கத்தில் அதைத் திருகிக்கொண்டால் சூரியனைப் பார்க்கலாம். மறுநாளே மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தார்கள். பழுத்த எலுமிச்சம்பழத்தில் கரும்புள்ளி விழுந்தாற்போல, சூரியனின் முகத்தில் நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. தினமும் தலைக்கு மேலே போகிற ஒன்றுக்கு இப்படி ஒரு முகம் இருந்ததா என்று சத்தியமூர்த்தி நினைத்தான். பார்த்து முடித்து வளையத்தைக் கழற்றப் போனவன் விரலைச் சுட்டுக்கொண்டான்.

அந்தச் சூடுதான் அவனை யோசிக்க வைத்தது. முன்னால் இருக்கிற பெரிய வில்லை வெயிலைத் திரட்டி ஒரு புள்ளியில் கொண்டுவந்து கொட்டுகிறது; அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இந்தக் கண்ணாடி இருக்கிறது. எந்த நேரமும் வெடிக்கலாம். வெடித்தால் அடுத்த நொடி அத்தனை வெயிலும் பார்க்கிறவன் கண்ணுக்குள்தான். அவன் பல வழிகளைச் சோதித்துப் பார்த்தான். வெளிச்சம் பட்டுக் கருத்த பிலிமை அடுக்கிப் பார்த்தான். வெல்டிங் பட்டறையில் வாங்கிய கண்ணாடியைப் பார்த்தான். கருப்பாகத் தெரிவது வேறு, சூட்டைத் தடுப்பது வேறு என்பது அவன் தொழிலிலேயே தெரிந்த விஷயம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். வெயிலைக் குழாய்க்குள் விடவே கூடாது. முன்னாலேயே, பெரிய வில்லைக்கு வெளியே, ரசம் பூசிய கண்ணாடியைப் போட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே வரக்கூடாது.

ரசம் பூசுவது அவனுக்குப் பெரிய காரியமில்லை. அண்ணன் பட்டறையில் வெள்ளியும் இருந்தது, அதைக் கரைக்கத் திராவகமும் இருந்தது. பூசிய கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தால் கறுப்புச் சாயத்தால் தொட்டு அடைப்பான். கஷ்டம் கண்ணாடியில்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் சூரியனின் ஓரம் தண்ணீரில் தெரிகிற மாதிரி குழைந்தது.

"இதை வச்சு என்னத்தப் படம் பிடிக்கிறது? மோர் மாதிரி இருக்கு" என்பான் முத்துக்கருப்பன். "பச்சைக் கண்ணாடியப் பாரு, சும்மா கத்தி மாதிரி வெட்டுது."

"கத்தி மாதிரிதான். கண்ணையும் வெட்டும்."

"முன்வில்லைய அட்டையால மூடி, அதுல சின்ன ஓட்டை போட்டுக்கிறேன். சூடு குறைஞ்சிரும்ல?"

"குறையும். போகாது."

இப்படியே மூன்று கோடை போனது. இவன் முன்கண்ணாடி என்பான், அவன் பின்கண்ணாடி என்பான். கேமராவைக் கண்பக்கத்தில் பொருத்த முத்துக்கருப்பன் தகரத்தில் ஒரு கழுத்து செய்தான். வேகம் குறைந்த பிலிம் எது, எந்த நேரத்தில் மாடித் தளத்துச் சூடு படத்தைக் கலைக்காது என்றெல்லாம் கண்டுபிடித்தான். சண்டை போட்டாலும் கழுவிய பிலிமை முதலில் கீழே கொண்டுவந்து சத்தியமூர்த்தியிடம்தான் காட்டுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, மே மாதம். புதன் கிரகம் சூரியனைக் குறுக்கே கடக்கப் போகிறது, காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை தெரியும் என்று பத்திரிகையில் வந்தது. புதன் ரொம்பச் சின்னப் புள்ளி. படம் கூர்மையாக இல்லாவிட்டால் இருக்கிற இடமே தெரியாது. அதனால் படம் மட்டும் பச்சைக் கண்ணாடி வழியாக எடுப்பது, பார்க்க வருகிறவர்களுக்குப் பெட்டிக்குள் வெள்ளைத் தாளில் சூரியனை விழவைத்துக் காட்டுவது, யாரும் கண் வைத்துப் பார்க்கக் கூடாது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். முத்துக்கருப்பன் தலையை ஆட்டினான்.

புதன் கடக்கிற நாள் சனிக்கிழமை. கத்திரி வெயில். சத்தியமூர்த்தி காலையில் கொஞ்ச நேரம் மாடியில் இருந்துவிட்டு, கடையில் ஆள் வந்திருக்கிறதென்று இறங்கிவிட்டான். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறிப் பார்த்தால் மாடி முழுக்கக் கூட்டம். தாளில் விழுந்த புள்ளியைப் பார்த்தவர்கள், "இது என்ன, கொசு உக்காந்த மாதிரி" என்று சிரித்திருக்கிறார்கள். முத்துக்கருப்பனுக்குப் பொறுக்கவில்லை. பச்சைக் கண்ணாடியைத் திருகி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சட்டுனு பார்த்துட்டு நகருங்க" என்று காட்டிக்கொண்டிருந்தான். சத்தியமூர்த்தி ஏறியபோது தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவள் ஆயி. கீழே சந்துமுனையில் பூக்கட்டி விற்கிறவள்.

சத்தியமூர்த்தி தூக்கை வைத்துவிட்டு, தோளிலிருந்த துண்டை உருவிக் குழாயின் முன்னால் போட்டு மூடினான். ஆயியின் தோளைப் பிடித்து இழுத்தான்.

"என்ன கருப்பா, சொன்னதென்ன, செய்றதென்ன? ஊருக் கண்ணையெல்லாம் அவிக்கப் போறியா?"

"மெதுவாப் பேசு. அட்டை போட்டுத்தான் காட்டுறேன். சூடே இல்ல."

"சூடு இல்லையா? இந்தா பாரு."

வேட்டி முனையால் வளையத்தைப் பிடித்துத் திருகிக் கழற்றினான். துணிக்கு மேலேயே சுட்டது. வைக்க இடம் தேடியவன், பக்கத்தில் தண்ணீர்ப் பானையின் மேல் போட்டிருந்த துணியில் வைத்தான். ஈரத்துணி. டக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுவிட்டது.

சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். சூரியன் பட்டுக் கண்ணாடியே வெடித்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். சத்தியமூர்த்திக்கு ஈரத்துணியில் பட்டுத்தான் அது விரிசல் விட்டது என்று தெரியும். ஆனால் எப்படியும் ஒருநாள் வெடித்திருக்கும் கண்ணாடிதானே, வெடித்ததாகவே இருக்கட்டும் என்று அந்த நேரத்துக்கு நினைத்தான். முத்துக்கருப்பன் கண்ணாடி உடைந்த வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்தது. புதன் பாட்டுக்குச் சாயங்காலம் வரை சூரியன் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. யாரும் படம் எடுக்கவில்லை.

அத்தோடு போயிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். ஆனி பிறந்ததும் ஆயிக்கு வலது கண்ணில் பார்வை போய்விட்டது என்று சந்தில் பேச்சு வந்தது. அவள் தம்பி மலையாண்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றான்.

"சூரியனைக் காட்டுறேன்னு எங்க அக்கா கண்ணைப் பிடுங்கிட்டீகளே" என்று தெரு கேட்கக் கத்தினான். கடைக்குள் உட்கார்ந்திருந்த சத்தியமூர்த்தி கையிலிருந்த மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் திருகைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியும். அந்த வருஷம் தை மாதமே ஆயி அவன் கடைக்கு வந்திருந்தாள். விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, தலையை வலிக்கிறது, வலப்பக்கம் வருகிற சைக்கிள் தெரியவே மாட்டேன் என்கிறது என்றாள். அவன் விரலைப் பக்கவாட்டில் பிடித்து மெல்ல முன்னால் கொண்டுவந்து பார்த்தான். நேரே மூக்குக்கு முன்னால் வரும்வரை அவளுக்கு விரல் தெரியவில்லை. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறுகிற நோய். "கண்ணாடி போட்டு இது தீராது. உடனே மதுரைக்குப் போயிக் கண் டாக்டரைப் பாரு" என்று சொன்னான்.

"எம்மக வள்ளிக்கண்ணுவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கு. ஆவணியிலே கல்யாணம். குடும்பத்துல கண் சீக்குன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பின்வாங்கிருவாக. நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீக" என்று ஆயி கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான்.

வெயில் சுட்ட கண்ணென்றால் பார்வைக்கு நடுவில் ஓட்டை விழும். ஓரத்திலிருந்து இருட்டு மூடிக்கொண்டு வராது. அதுவும் அவனுக்குத் தெரியும். வெளியே போய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாக்கு இருக்கிறதே என்று உட்கார்ந்துகொண்டான். வாக்கு மட்டும் காரணமில்லை. அந்த நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "நீங்க அப்பவே சொன்னீகளாமே, நீங்க மட்டும் இல்லைன்னா எத்தனை பேர் கண்ணு போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பேச்சுக்குக் கால் முளைத்தது. அந்த ஸ்டூடியோவின் பளிச்சென்ற விளக்கே கண்ணைக் கெடுக்கும் என்று ஆனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படியேறுகிறவர்கள் பாதியில் இறங்கினார்கள். கோட்டையூரில் பேசி வைத்திருந்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முத்துக்கருப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வருவதை நிறுத்திவிட்டான். சத்தியமூர்த்தியும் மேலே போகவில்லை.

"போயிப் பேசிட்டு வாங்களேன். எத்தனை நாளைக்கு இப்படித் தூக்கைத் தனியாத் திறந்து வச்சுச் சாப்பிடுவீக?" என்றாள் மனைவி நாகவல்லி.

"அவன்தான் பேச்சை மீறினான். அவன் வரட்டும்."

ஆவணியில் வள்ளிக்கண்ணுவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இனி வாய் திறக்கலாம் என்று அன்று சத்தியமூர்த்திக்குத் தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்றும் நினைத்தான். அப்புறம் தீபாவளி வந்துவிட்டது.

கார்த்திகையில் ஒருநாள் முத்துக்கருப்பன் தானாகவே கடைக்குள் வந்தான். முன்னால் இருந்த நாற்காலியில், கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காருகிற இடத்தில், உட்கார்ந்தான். மெலிந்திருந்தான்.

"ஸ்டூடியோவை எடுத்துட்டேன் மூர்த்தி. திண்டுக்கல்லுல ஒருத்தரு கூப்பிட்டிருக்காரு. போறேன்."

"அவ்வளவு அவசரமா?"

"இங்குட்டு இருந்து என்ன செய்ய? ஒண்ணு கேக்கணும். நீ கண்ணுத் தொழில் பாக்குறவன். நீ சொன்னா நான் நம்பிக்கிருவேன். ஆயி கண்ணு என்னாலதான் போச்சா?"

எதிரே எழுத்துப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியமூர்த்தி அதைப் பார்த்தான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் அடுத்து, அப்படியானால் இத்தனை மாதம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது?

"எனக்கு எப்படித் தெரியும் கருப்பா? டாக்டர்தான் சொல்லணும்."

"சரி" என்றான் முத்துக்கருப்பன். எழுந்து, வாசலில் வைத்திருந்த தொலைநோக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து கடையின் மூலையில் சாய்த்துவிட்டு, "இது உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வருஷம் கழித்து, எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதத்தில், புதன் மறுபடி சூரியனைக் கடந்தது. அதற்குள் சத்தியமூர்த்தி கண்ணாடிப் பிரச்சினையைத் தீர்த்திருந்தான். போட்டோவுக்குப் பழைய நாளில் பயன்பட்ட கண்ணாடித் தட்டுகளில் பத்துப் பதினைந்தைச் சேகரித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்து, மேடுபள்ளம் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதில் ரசம் ஒரே சீராகப் பிடித்தது. முன்னால் மாட்டினால் சூரியன் நீலம் பாய்ந்த வெள்ளைத் தட்டாக, ஓரம் குழையாமல் நின்றது. கண்பக்கம் கையை வைத்தால் குளிர்ந்திருந்தது. முத்துக்கருப்பன் செய்த தகரக் கழுத்து பெட்டியிலேயே இருந்தது; இரவல் வாங்கிய கேமராவை அதில் பொருத்தினான்.

மழைக்காலம். மத்தியானத்துக்கு மேல் மேகம் விலகி விலகி மூடியது. கிடைத்த இடைவெளியில் எடுத்தான். இருட்டறை வேலை தெரியாததால் பிலிமைப் புதிதாக வந்த இன்னொரு ஸ்டூடியோவில் கொடுத்தான். படத்தைக் கொடுக்கும்போது அந்தக் கடைக்காரர், "என்ன சார் இது, மாத்திரை மாதிரி இருக்கு? பிலிமுல தூசி ஒட்டியிருக்கு, துடைச்சாலும் போகலை" என்றார்.

அந்தத் தூசிதான் புதன். உருண்டையாக, கருகருவென்று, ஊசியால் குத்தி எடுத்தாற்போல் வந்திருந்தது. அவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். மேலே கூப்பிட வாயெடுத்துவிட்டான். மாடியில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போய் நாகவல்லியிடம் காட்டினான். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள். இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திண்டுக்கல் கிளம்பினான்.

ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பின்பக்கத்து அறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில், முத்துக்கருப்பன் ஒரு நெகட்டிவில் முகத்து வடு மறையப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. "வா" என்றான். ஸ்டூல் ஒன்றைத் தள்ளினான்.

சத்தியமூர்த்தி பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "ஆயி கண்ணு உன்னால போகல கருப்பா" என்றான்.

பென்சில் நின்றது. "டாக்டர் சொன்னாரா?"

"நீர் அழுத்தம். ஓரத்துலேருந்து மூடிருச்சு."

"நடுவுல ஓட்டை இல்லையா?"

"இல்லை."

"அப்ப வெயில் இல்லை." கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்தத் தை மாசம். நம்ம மாடிக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து காட்டியிருந்துச்சு. மக கல்யாணம் முடியிற வரைக்கும் சொல்லாதீகன்னு கேட்டுக்கிச்சு. அந்தக் கண்ணாடி வெடிச்சதுகூட ஈரத்துணியில நான் வச்சதாலதான்."

முத்துக்கருப்பன் பென்சிலை மேசையில் நேராக வைத்தான். "நான் உன் கடைக்கு வந்து கேட்டேனே."

"கேட்டே."

"கார்த்திகையில கேட்டேன். கல்யாணம் ஆவணியிலேயே முடிஞ்சிருச்சு."

சத்தியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

"இங்க வந்தப்ப, ஆளை உட்கார வச்சு எடுக்கிற வேலை வேண்டாம், இருட்டறை வேலை மட்டும் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்" என்றான் முத்துக்கருப்பன். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிதான் சொன்னான், கோபமாக இல்லை. "ஒருத்தர் முகத்துக்கு நேரா விளக்கைத் தூக்க முடியலை. வாசல்ல பூக்காரி வந்தா நான் உள்ள போயிருவேன். எம் பொண்டாட்டிக்கே காரணம் தெரியாது."

இதைக் கத்திச் சொல்லியிருந்தால் சத்தியமூர்த்தி தாங்கியிருப்பான். அவன் பையிலிருந்து படத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். எதற்கு வைத்தோம் என்று வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. முத்துக்கருப்பன் அதை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"முன்கண்ணாடியா?"

"ஆமா."

"ஓரம் நல்லா வந்திருக்கு. நீ சொன்னதுதான் சரி." படத்தை மெல்ல மேசையின் இந்தப் பக்கம் தள்ளினான்.

"உனக்குத்தான் கொண்டாந்தேன். வச்சுக்க."

"வேண்டாம். பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டா ரெண்டு மணிக்குத்தான். கிளம்பு."

ஊருக்குத் திரும்பியவன் சொல்ல ஆரம்பித்தான். டீக்கடையில் சொன்னான், கண்ணாடிக்கு வருகிறவர்களிடம் சொன்னான். "எந்த முத்துக்கருப்பன்?" என்று கேட்டார்கள். ஞாபகம் இருந்தவர்கள், "அது ஆச்சே பல காலம்" என்றார்கள். மலையாண்டி காதில் வாங்கிக்கொண்டு, சரி என்று தலையாட்டிவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் பார்த்தான்.

ஆயி அதே சந்துமுனையில்தான் இருந்தாள். இன்னொரு கண்ணும் மங்கியிருந்தது. விரல்களே பூவைத் தொட்டுத் தொட்டுக் கட்டின. சத்தியமூர்த்தி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, திண்டுக்கல் போய் வந்ததைச் சொன்னான். அவள் கட்டுவதை நிறுத்தவில்லை.

"எம்மக கல்யாணம் முடிஞ்சதும் நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன். எந்தம்பி கத்தினப்பவே நான் சொல்லியிருக்கணும், வாயை மூடிக்கிட்டேன். எம்மேலயும் பாவம் இருக்கு. ஆனா நான் சொன்னா பூக்காரி பேச்சு. நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

"இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் ஆயி."

"இப்ப யாரு கேட்டா?" என்றாள் அவள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

தை பிறந்ததும் சத்தியமூர்த்தி மறுபடி திண்டுக்கல் போனான். என்ன பேசுவதென்று முடிவு செய்யவில்லை. போய் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்தான். ஜன்னலோர மேசையில் வேறொருவர் இருந்தார். முத்துக்கருப்பன் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார் முதலாளி.

"எந்த ஊருக்குன்னு சொன்னாரா?"

"பழனிப் பக்கம்னு ஞாபகம். சரியாத் தெரியலைங்க."

சத்தியமூர்த்தி படிவரை போய்த் திரும்பி வந்தான். "படம் எடுக்கிற வேலைக்கா போயிருக்காரு? ஆளை உட்கார வச்சு எடுக்கிற வேலைக்கு?"

முதலாளி ஒரு குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துக்கொண்டிருந்தார். "அதைக் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போடப் போனார்.